கடலில் இறங்கிய சின்ன விமானமும் நம் குடும்பக் குழுவும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம். படிக்காமலே கும்பிடு போட்டுவிட்டுப் போவதுதான் எனக்குப் பிடிக்காது. வகுப்பிலும் பிடிக்காது, இங்கேயும் பிடிக்காது.

மூன்று நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. "பயிற்சி விமானம் கடலில் விழுந்தது, அதிர்ச்சிக் காட்சி" என்று தலைப்பு. உள்ளேயிருந்து எடுத்த படம். டமால் என்று ஒரு சத்தம், ஜன்னலுக்கு வெளியே கடல் மேலே மேலே வருகிறது, அப்புறம் ஆட்கள் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் மிதக்கிறார்கள். எந்த ஊர், எந்த வருஷம், என்ன ஆயிற்று, எதுவும் இல்லை. இருந்தும் பதில்களுக்குக் குறைச்சல் இல்லை. எண்ணிப் பார்த்தேன், 41. எல்லாவற்றையும் பிழிந்தால் மூன்றே மூன்றுதான் மிஞ்சும். ஒன்று, கடவுள் செயல். இரண்டு, ஓட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான். மூன்றாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது: "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், அந்தப் பிள்ளையை பைலட் படிப்புக்கு அனுப்பாதீங்கன்னு."

அந்தப் பிள்ளை யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். பெயர் போட மாட்டேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் நன்றாகப் படித்தவள். அவளுடைய அப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டு, இந்த வீடியோவுக்குக் கீழே பெரியவர்கள் போட்ட பதில்களைப் பார்த்துவிட்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை 41 ஃபார்வர்டு பதில்கள் தீர்மானிப்பதா?

முதலில் அந்த வீடியோ என்னவென்று பார்ப்போம். அது பயிற்சி விமானமே இல்லை. ஹவாய் தீவுகளில் மொலோகாய் என்று ஒரு தீவு. அதன் வடகரையில் கலாவ்பாபா என்ற ஊர். ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த இடம். ஃபாதர் டேமியன் அவர்களுக்குத் தொண்டு செய்து, தானும் அதே நோயில் இறந்தாரே, அதே ஊர்தான். 2013 டிசம்பர் 11 அன்று அங்கிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பிய செஸ்னா கேரவன் என்ற ஒற்றை என்ஜின் பயணிகள் விமானம் அது. விமானியோடு சேர்த்து ஒன்பது பேர். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, இன்னும் சில நூறு அடி உயரம்கூடத் தாண்டாத நிலையில், என்ஜின் வெடித்த மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. என்ஜினுக்குள் சுழலும் டர்பைன் தகடுகள் முறிந்திருந்தன என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. ஆக, "ஓட்டத் தெரியாதவன்" என்று எழுதிய மாப்பிள்ளைக்கு அங்கேயே பதில் முடிந்துவிட்டது. அந்த உயரத்தில் என்ஜின் போன விமானத்தை அவர் பதறாமல் நேராகக் கடலில் இறக்கினார். ஒன்பது பேரும் விமானத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஓட்டத் தெரியாதவர் செய்கிற காரியமா இது?

அந்த ஒன்பது பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. அவர் ஹவாய் மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநர் லொரெட்டா ஃபடி. 65 வயது. கலாவ்பாபாவுக்கு அலுவல் விஷயமாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். விமானம் மோதியதில் அவர் இறக்கவில்லை. ஜாக்கெட் போட்டுக்கொண்டு தண்ணீரில் மிதந்தார். கூட வந்த அவருடைய அலுவலகத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். பிரேதப் பரிசோதனையில் வந்த காரணம், பதற்றத்தில் மூச்சு மிக வேகமாக வாங்கி, அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றது என்பது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏறக்குறைய என் வயது. கடல் அவரை முழுங்கவில்லை. மூச்சுதான் கைவிட்டது.

இந்த அம்மையார்தான் 2011-இல் ஒபாமாவின் பிறப்புச் சான்றிதழ் நகலைச் சரிபார்த்துக் கொடுத்தவர். போதாதா? அவர் இறந்ததுமே "இது விபத்தா, சதியா" என்று அமெரிக்காவில் கிளப்பிவிட்டார்கள். ஒன்பது பேர் ஏறிய விமானத்தின் டர்பைன் தகட்டை ஒடித்து, எட்டு பேரைப் பிழைக்க விட்டு, ஒருவருக்கு மட்டும் மூச்சு வாங்க வைக்கிற சதி எது என்று யாரும் யோசிக்கவில்லை. ஃபார்வர்டு வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்த விசாரணையில் இன்னொன்றும் வந்தது. கிளம்புவதற்கு முன் பயணிகளுக்குப் பாதுகாப்பு விளக்கம் எதுவும் சொல்லப்படவில்லை. ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதெல்லாம் தண்ணீர் உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது "கடவுள் செயல்" கட்சிக்கு வருகிறேன். நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். கடவுளைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. கடவுளின் பெயரைச் சொல்லி மனிதர்கள் பட்ட பாட்டை அழிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2009 ஜனவரி 15, நியூயார்க் ஹட்சன் ஆறு. வாத்துக் கூட்டம் மோதி இரண்டு என்ஜினும் போன ஏர்பஸ் விமானத்தை சல்லன்பெர்கர் என்ற கேப்டன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அதிசயம் என்று உலகமே சொன்னது. அந்த மனிதர் விமானப்படைக் கல்லூரியில் படித்தபோதே என்ஜினே இல்லாத கிளைடர் ஓட்டக் கற்றவர். அன்றைக்கு அவருக்கு வயது 57. பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை கிடைத்தது மூன்றரை நிமிடம். அதற்குப் பின்னால் நாற்பது வருஷ வேலை இருக்கிறது. படகுக்காரர்கள் சில நிமிடத்தில் வந்து சேர்ந்தார்களே, அவர்களும் பயிற்சி எடுத்தவர்கள்தான்.

அதே விமானத்தின் பயணிகள் பகுதியையும் பாருங்கள். கிளம்பும் முன் பணிப்பெண் காட்டிய பாதுகாப்பு விளக்கத்தை, விசாரணையில் பேசியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பார்க்கவே இல்லை. லைஃப் ஜாக்கெட் கையில் கிடைத்தவர்கள் 33 பேர் என்றால், அதை இடுப்புப் பட்டை வரை தானே ஒழுங்காகக் கட்டியவர்கள் 4 பேர். ஜனவரி மாதத்து ஆறு, நடுங்க வைக்கிற குளிர். படகு வர இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் அந்த அதிசயத்தின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முடிந்தும் இருக்கிறது. 1996 நவம்பர் 23, எத்தியோப்பிய விமானம் ஒன்றைக் கடத்தினார்கள். எரிபொருள் தீரும் வரை ஓட்ட வைத்தார்கள். கேப்டன் அதைக் கொமொரோ தீவுக் கரையருகே கடலில் இறக்கினார். 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மோதலைத் தாண்டிப் பிழைத்தவர்கள். ஆனால் விமானத்துக்குள் இருக்கும்போதே ஜாக்கெட்டை ஊதிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே ஏற ஏற, ஊதிய ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு தூக்கி அழுத்திவிட்டது. கீழே முங்கிக் கதவு வழியாக வெளியே வர முடியவில்லை. "வெளியே வந்த பிறகே ஊதுங்கள்" என்று ஒவ்வொரு விமானத்திலும் ஒரு பெண் நின்று சொல்கிறாளே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை உயிர் இருக்கிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வருகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காதிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு அதைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, பயிற்சி விமானத்துக்கு வருகிறேன். மதினி ஒருத்தி எழுதியிருக்கிறாள், "என்ஜின் நின்னா அம்மிக்கல்லு மாதிரி விழ வேண்டியதுதானே" என்று. இல்லை மதினி. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓட்டக் கற்கிற செஸ்னா 152, 172 போன்ற விமானங்கள் என்ஜின் நின்றாலும் மிதந்துகொண்டே இறங்கும். ஒரு பங்கு கீழே இறங்கினால் சுமார் ஒன்பது பங்கு முன்னால் போகும். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குதான். 3,000 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 900 மீட்டர். அதை ஒன்பதால் பெருக்குங்கள். எட்டு கிலோமீட்டர். நேரக் கணக்கில் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நான்கு நிமிடத்தில் என்ன செய்வது என்பதைத்தான் பாதிப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் தெரியுமா? பறந்துகொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல், பயிற்றுநர் கையை நீட்டி என்ஜின் விசையைக் குறைத்துவிடுவார். "என்ஜின் போய்விட்டது. இப்போது என்ன செய்வாய்?" அவ்வளவுதான் கேள்வி. மனித இயல்பு என்ன சொல்லும்? கீழே போகிறோமே என்று மூக்கை மேலே தூக்கச் சொல்லும். தூக்கினால் வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போகும், அப்போதுதான் நிஜமாகவே அம்மிக்கல். எனவே மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயப்படுகிற திசையிலேயே தள்ள வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து வர வைக்க முடியாது. பத்து தடவை, இருபது தடவை செய்து, கை தானாகப் போக வேண்டும். பிறகு இறங்க இடம் பார், எரிபொருள் குழாய் திறந்திருக்கிறதா பார், கார்புரேட்டர் சூடு போட்டுப் பார், வானொலியில் மூன்று முறை மேடே சொல்.

கார்புரேட்டர் சூடு என்றதும் என் பழைய அறிவியல் புத்தி அரிக்கிறது, ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன என்ஜின்களில் பெட்ரோல் ஆவியாகிற இடத்தில் குளிர் உண்டாகும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நான் கேட்டேனே, அதே காரணம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், வெளியே நமக்கு வியர்த்துக்கொண்டிருக்கிற நாளில்கூட உள்ளே பனிக்கட்டி கட்டி என்ஜின் திணறும். சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுத்தால் பல நேரம் என்ஜின் மறுபடி ஓடும். பானைத் தண்ணீர்க் கேள்விக்கு "ஆவியாதல்" என்று ஒரு வார்த்தை எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே, அந்த ஒரு வார்த்தை இங்கே ஓர் உயிர்.

என்ஜின் வரவே இல்லை, கீழே கடல்தான் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. அலை பெரிதாக இருந்து காற்று குறைவு என்றால் அலை வரிசைக்கு இணையாக இறங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் காற்றை எதிர்த்து. தண்ணீரைத் தொடும் முன்பே கதவுத் தாழை விடுவித்து வைக்க வேண்டும், ஏனென்றால் மோதிய பிறகு கதவு நசுங்கி மாட்டிக்கொள்ளலாம். சக்கரம் உள்ளே மடங்காத விமானம் தண்ணீரில் இடறித் தலைகுப்புறக் கவிழ வாய்ப்பு உண்டு. அப்போது எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஒரு கை கதவுப் பிடியில் இருக்க வேண்டும், ஆட்டம் நின்ற பிறகுதான் மறு கை பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

என் மாணவன் ஒருவன் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு மேடையில் வேலை பார்க்கிறான். ஹெலிகாப்டரில்தான் போய் வருவார்கள். அதற்கு முன் அவர்களை ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கி, தண்ணீருக்குள் தலைகீழாகப் புரட்டுவார்களாம். மூச்சை அடக்கி, பிடியை விடாமல், ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். "முதல் தடவை அழுதுட்டேன் டீச்சர், நாலாவது தடவை தூக்கம் வந்துச்சு" என்றான். பயத்தைத் தூக்கமாக மாற்றுகிற அந்தச் சங்கதிக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஒற்றை என்ஜின் விமானத்தில் தனியாகப் போன ஒருவருக்கு எரிபொருள் மாற்றும் வால்வு வேலை செய்யவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு முன்னாலேயே சொன்னார். அவர்கள் விமானம் அனுப்பினார்கள், அருகே வந்துகொண்டிருந்த சுற்றுலாக் கப்பலின் பக்கமாக வரச் சொன்னார்கள். விமானத்திலேயே இருந்த பாராசூட்டை விரித்து, விமானத்தோடு கடலில் இறங்கி, ரப்பர் படகில் ஏறி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் கப்பல்காரர்கள் தூக்கிவிட்டார்கள். வீடியோ இருக்கிறது. ஃபார்வர்டு பண்ணுவதென்றால் அதைப் பண்ணுங்கள்.

எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 20 அன்று ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 152 பயிற்சி விமானம் சாண்டில் அணையில் விழுந்து, பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள். கடற்படை வந்து தேட வேண்டியிருந்தது. அந்தத் தாய்மார்களிடம் போய் நான் விகிதக் கணக்கு சொல்ல முடியாது. ஆபத்து இருக்கிறது. அதை மறைத்து ஒரு பிள்ளையை அனுப்பச் சொன்னால் நான் டீச்சர் இல்லை, தரகர்.

ஆனால் ஆபத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவர்கள் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும். அந்தப் பயிற்சிப் பள்ளியில் விமானங்களைப் பராமரிப்பது யார்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? ஒற்றை என்ஜின் விமானம், என்ஜின் நின்றால் மிதந்து கரை சேர முடியாத தூரத்துக்குத் தண்ணீர் மேல் போனால், ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தப் பள்ளியில் இருக்கிறதா? இருந்தால் பீரோவில் இருக்கிறதா, உடம்பில் போட்டு உட்காருகிறார்களா? 41 பதிலில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா? "பொம்பளைப் பிள்ளை" என்ற வார்த்தை மட்டும் ஏழு இடத்தில் வருகிறது. என்ஜினுக்கு ஓட்டுகிறவள் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிட அதிகம் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

அதைவிட ஒன்று. இந்தக் கவலையை எழுதிய பெரியவர்களில் இரண்டு பேர், பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு பைக் சாவியைக் கையில் கொடுத்தவர்கள். ஹெல்மெட் டேங்க் மேல் உட்கார்ந்து போகிறது. அங்கே விதி வராது, கடவுள் வருவார் போலும்.

அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கும் ஒரு கவலை இருக்கிறது, அதை ஒருவரும் எழுதவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. விமானம் ஓட்ட ஆசைப்படுகிறவள், கழுத்தளவு தண்ணீரில் நின்றதில்லை. நான் வேலை பார்த்த கடலோர ஊரில் மூன்றாம் வகுப்புப் பொடியன்கூட காலி பிளாஸ்டிக் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணிக்கணக்காக மிதப்பான். அவன் அப்பா அதை வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை, தண்ணீரில் போட்டுப் பழக்கினார். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே போனால், கிணற்றிலும் கல்குவாரித் தண்ணீரிலும் பிள்ளைகள் போய்விடுகிற செய்தி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற மாநிலம் நாம். நம் பள்ளிகளில் நீச்சல் ஒரு பாடமா? தீயணைப்பான் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடக்கும். ஒத்திகை என்றால் போட்டோ எடுத்து மேலே அனுப்புவதற்கு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போன பிறகு கூரையை மாற்றினோம். குழந்தைகளுக்கு வெளியேறப் பழக்கினோமா? முதலுதவி பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அழகாகப் பதில் எழுதுகிற பிள்ளை, பக்கத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால் செல்போனில் படம் எடுக்கிறது. எழுதத் தெரிவதும் செய்யத் தெரிவதும் ஒன்று என்று நினைக்கிற படிப்பைத்தான் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விமானப் பள்ளி ஒன்றுதான் அப்படி நினைப்பதில்லை. அங்கே செய்யத் தெரியாதவனைத் தனியாக மேலே விட மாட்டார்கள்.

எனவே அவளுடைய அப்பாவுக்கு, என் மாணவனுக்கு, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தம்பி, விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்பு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கவலை நியாயமான கவலை. அதை உட்கார்ந்து பேசுவோம், நானும் வருகிறேன். மேலே எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கு நேரில் எடுத்துப் போ. பதில் சொல்லத் தயங்குகிற பள்ளியென்றால் அடுத்த பள்ளியைப் பார்.

இன்னொன்று, நம் ஊர் விளையாட்டு அரங்க நீச்சல் குளத்தில் விசாரித்துவிட்டேன். பெண்களுக்குத் தனி நேரம் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. பெண் பயிற்றுநர் இருக்கிறார். புகைப்படம் இரண்டு, ஆதார் நகல், மருத்துவச் சான்று கொண்டுபோக வேண்டும். அவள் பெயரோடு என் பேத்தி பெயரையும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன். "பொம்பளைப் பிள்ளை" என்று எழுதிய ஏழு வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுத்தால் ஒரே குழுவாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.